என் கணவர் நடத்திய நேர்முகத் தேர்வுகள்

என் கணவர் தம் வாழ்நாளில் ஒரு நேர்முகத் தேர்வுக்கும் போனதில்லை. அதனாலேயே எனக்குப் பயிற்சி கொடுக்க அவரை விட்டால் ஆளில்லை என்று அவரே முடிவு செய்துகொண்டார்.

அவருக்கு வேலைகள் கிடைத்த விதம் எனக்குத் தெரியும். முதல் வேலை தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுவது. அவருடைய அப்பா, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியின் ஆபீசுக்கு முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மறுநாள் இவர் டிராக்டரில் உட்கார்ந்தார். ரப்பர் பால் தரும் கித்தா மரங்களை வெட்டிவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை நட்டபோது, குலை ஏற்றும் லாரிக்கு மாறினார். அதற்கான தேர்வு ஒரு சாப்பாட்டுக் கடையில் நடந்தது. "மச்சான், லாரிக்கு ஆளு வேணுமாம், வாரியா?" என்று ஒருவர் கேட்டார். "வாரேன்" என்றார் இவர். இருபது வருடம் ஓட்டினார். லாரி முதலாளி வயதாகி, லாரிகளை விற்றுவிட்டு மகன் வீட்டோடு போய்விட்டதும், என் கணவர் இடுப்பு வலி என்று வீட்டில் உட்கார்ந்தார். ரொம்ப விவரமான வலி அது. சமையல் கேஸ் சிலிண்டரை, அந்தத் தோங்கை, தூக்க வேண்டிய நாளில் தவறாமல் வரும். கூட்டாளிகளோடு லூமுட்டுக்கு மீன் பிடிக்கப் போகும் நாளில் வழிவிட்டு ஒதுங்கி நிற்கும்.

நான் பத்து காஜா என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் இருந்தேன். முதலில் ஓட்டை பார்க்கும் வேலை. பிறகு பெட்டிகளை எண்ணிப் பதியும் வேலை. ஒருநாள் எங்களை எல்லாம் மண்டபத்துக்குக் கூப்பிட்டு ஆளுக்கொரு பிரியாணிப் பொட்டலம் கொடுத்தார்கள். உள்ளே முழு முட்டை இருந்தது. முட்டையைப் பார்த்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். சாப்பிட்டு முடித்துக் கை கழுவி வந்ததும் கடிதத்தைக் கொடுத்தார்கள். மாதக் கடைசியில் தொழிற்சாலை மூடப்படும். இத்தனை நாள் உழைப்புக்கு நன்றி.

எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. பினாங்கில் வேலை பார்க்கும் எங்கள் மகள்தான் அந்த விளம்பரத்தை வாட்ஸப் புலனத்தில் அனுப்பினாள். ஈப்போவில் கோப்பித்தூள் கம்பெனி ஒன்றுக்கு ஸ்டோர் கிராணி வேண்டும். கிராணி என்ற சொல்லை இரண்டு முறை படித்தேன். என் அம்மா தோட்டத்தில் ரப்பர் பால் எடுக்கப் பால் மரம் வெட்டியவர். கிராணி என்றால் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் ஆள். எங்கள் குடும்பத்தில் அந்தப் பக்கம் உட்கார்ந்தவர்கள் யாருமில்லை. விண்ணப்பம் போட்டேன். இரண்டு வாரத்தில் கூப்பிட்டார்கள்.

மகள் அடுத்ததாக இன்னொன்று அனுப்பினாள். நேர்முகத் தேர்வில் எல்லா இடத்திலும் கேட்கும் பத்துக் கேள்விகள், ஆங்கிலத்தில். "ம்மா, இதுங்கள மட்டும் பாத்துக்குங்க, போதும்" என்று குரல் பதிவும் சேர்த்திருந்தாள். அதை என் கணவர் கேட்டுவிட்டார். மறுநாள் காலையில் பசியாறப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனவர், அந்தப் பத்துக் கேள்விகளையும் கடையில் அச்செடுத்து, பிளாஸ்டிக் உறையும் ஒட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். இனி மழையில் நனைந்தாலும் அந்தக் கேள்விகளுக்கு ஒன்றும் ஆகாது.

பத்து நாள் பயிற்சி நடந்தது. தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்குச் சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பக்கம் அவர் உட்காருவார். மேலே நீளக்கைச் சட்டை, கீழே கைலி. நான் வாசற்கதவைத் தட்டி, அனுமதி கேட்டு, என் சொந்த வீட்டுக்குள் நுழைய வேண்டும்.

"உன்னைப் பத்திச் சொல்லு."

"இருபத்துநாலு வருசமா ஒங்களுக்குத் தெரியாததா?"

"இப்படிப் பேசினா வேலை கெடைக்காது லா. வீடியோவுல என்னா சொல்றான் தெரியுமா? மொத அரை நிமிசத்துலயே முடிவு பண்ணிருவானாம்."

கைப்பேசியில் யாரோ கோட்டு போட்டுக்கொண்டு பேசும் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து அவர் அந்தத் துறையில் பெரிய நிபுணராகிவிட்டிருந்தார். நான் ஆங்கிலத்தில் எழுதி மனப்பாடம் செய்ததைச் சொல்லத் தொடங்குவேன். மூன்றாவது வாக்கியம் வரும்போது "சத்தமா சொல்லு" என்பார். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பேன்.

பழைய வேலையை ஏன் விட்டீர்கள் என்று ஒரு கேள்வி.

"நான் எங்க விட்டேன்? அவங்கதான மூடிட்டாங்க."

"அப்படிச் சொல்லக்கூடாது. பழைய கம்பெனியக் கொறையா பேசக்கூடாது. புது சவால் தேடுறேன்னு சொல்லணும்."

நாற்பத்தாறு வயதில், வீட்டுக் கடன் முடியாமல், முட்டியில் வலியோடு நான் தேடிக்கொண்டிருந்தது புதிய சவால்தான் என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

ஐந்து வருடம் கழித்து உங்களை எங்கே பார்க்கிறீர்கள் என்று ஒரு கேள்வி. கண்ணாடியில் என்று சொன்னேன். அவர் அந்தப் பிளாஸ்டிக் அட்டையை மேசையில் தட்டினார்.

எல்லாவற்றையும்விடச் சிக்கலாகிப்போனது ஏழாவது கேள்வி. உங்கள் பலவீனம் என்ன? அதைக் கேட்டுவிட்டு என் பதிலுக்காக அவர் காத்திருக்கவில்லை. தாமே சொல்லத் தொடங்கினார். எனக்குக் கோபம் அதிகமாம். சொன்னதைக் கேட்கமாட்டேன். அவருடைய தங்கை வீட்டு விசேஷத்துக்கு ஒருமுறை தாமதமாக வந்தேன். மீன் குழம்பில் புளி கூடிப்போகும். விளக்கை அணைக்க மறப்பேன். ஒரு தாளும் பார்க்காமல், மூச்சு வாங்காமல், இருபத்து நான்கு வருடத்தையும் வரிசையாகச் சொன்னார். இந்தக் கேள்விக்கு அவர் எப்போதோ தயாராகிவிட்டிருந்தார் என்பது புரிந்தது.

"முடிஞ்சிதா?" என்று கேட்டேன்.

"இப்பத்திக்கு" என்றார்.

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டுக்கு முட்டையை அவரே பொரித்துக்கொண்டார். மறுநாள் சமாதானத்துக்கு வீடியோக்காரனின் பதிலைக் கொண்டுவந்தார். "பெர்பெக்சனிஸ்ட்னு சொல்லு. எதையும் குத்தமில்லாம செய்யணும்னு நெனைக்கிறவன்னு அர்த்தம். பலவீனம் மாதிரி இருக்கும், ஆனா பலம்." அந்தச் சொல் அவர் வாயில் நுழைய இரண்டு நாள் ஆனது. பிறகு என் வாய்க்கு மாற்றிவிட்டார்.

பக்கத்து வீட்டு அக்காவும் தம் பங்குக்கு உதவினார். அக்காவின் மகள் வங்கியில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்த கையோடு அவளுடைய கறுப்புக் கோட்டு ஒன்றை எடுத்து வந்தார். "போட்டுக்க தங்கச்சி. கோட்டு போட்டா மரியாதையே வேற." போட்டுப் பார்த்தேன். பொத்தான் பூட்டியது. ஆனால் பூட்டிய பிறகு கைகள் தோளுக்கு மேலே எழவில்லை. "கையத் தூக்கி என்னா செய்யப் போற? ஒக்காந்து பேசத்தான போற" என்றார் அக்கா. அதுவும் சரிதான் என்று பட்டது.

தேர்வு நாளன்று எங்கள் பழைய காடியில் புறப்பட்டோம். காடியிலும் தேர்வு தொடர்ந்தது. ஈப்போ நகரத்துக்குள் நுழையும் இடத்தில் நெரிசல். முன்னால் ஒரு வேன் நகரவில்லை. என் கணவர் ஹோனை அமுக்கிக்கொண்டே, "வேல நெருக்கடிய எப்படிச் சமாளிப்பே? சொல்லு, சொல்லு" என்றார். நெற்றியில் நரம்பு புடைத்திருந்தது.

"மொதல்ல ஹோன்லேருந்து கைய எடுப்பேன்" என்றேன்.

காடியிலேயே இருங்கள் என்று சொல்லியும் அவர் உள்ளே வந்தார். காத்திருக்கும் இடத்தில் என் மகள் வயதுள்ள மூன்று பேர் கோப்புகளோடு இருந்தார்கள். அவர்கள் உதடுகளும் அசைந்துகொண்டிருந்தன. எதிர் நாற்காலியில் இருந்து என் கணவர் வாயை மட்டும் அசைத்து எனக்குப் பதில்களை ஞாபகப்படுத்தினார். பெர்பெக்சனிஸ்ட்டுக்கு அவர் வாயைச் சுழித்ததைப் பார்த்து ஒரு பெண் எழுந்து வேறு இடத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

உள்ளே இரண்டு பேர். ஒருவர் ஆளெடுக்கும் பிரிவில் இருக்கும் இளம் மலாய்ப் பெண். இன்னொருவர் கம்பெனி முதலாளி, வயதான சீனர். அவர் முன்னால் ஏழெட்டுச் சிறிய கோப்பைகளில் கோப்பி இருந்தது. ஒவ்வொன்றாக உறிஞ்சிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னையும் அப்படித்தான் பார்த்தார்.

அந்தப் பெண் ஆங்கிலத்தில் முதல் கேள்வியைக் கேட்டாள். என்னைப் பற்றிச் சொல்ல வேண்டுமாம். எனக்குத் தெம்பு வந்தது. கடின உழைப்பாளி, பத்தொன்பது வருட அனுபவம் என்று தொடங்கினேன். மூன்றாவது வாக்கியத்தில் நின்றுவிட்டேன். அந்த இடத்தில்தான் என் கணவர் வழக்கமாக "சத்தமா சொல்லு" என்று குறுக்கிடுவார். இங்கே ஒருவரும் குறுக்கிடவில்லை. பத்து நாளாக அதற்கு மேல் நான் போனதே இல்லை. நான்காவது வாக்கியம் என்னவென்றே ஞாபகம் வரவில்லை. முதலாளி ஒரு கோப்பையை என் பக்கம் நகர்த்தி, குடி என்று சைகை காட்டினார். கோட்டுக்குள் இருந்த கை பாதி வழியில் நின்றது. கோப்பையை மேலே கொண்டுவர முடியாமல் முகத்தைக் கீழே கொண்டுபோய்க் குடித்தேன்.

அந்தப் பெண் நல்லவள். சிரிக்கவில்லை. நேராகப் பலவீனத்துக்குப் போனாள். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அவள் தட்டச்சு செய்துகொண்டே, "இன்றைக்கு நீங்கள் மூன்றாவது பெர்பெக்சனிஸ்ட், காக்கா" என்றாள். மலாயில் காக்கா என்றால் அக்கா. தமிழில் கேட்டால் அந்த நேரத்துக்கு அதுவும் பொருத்தமாகத்தான் இருந்தது.

முதலாளி முதன்முறையாக வாயைத் திறந்தார். சந்தை மலாயில், "இதெல்லாம் படிச்சிட்டு வந்தது. நிஜத்தைச் சொல்லு. உன் பலவீனம் என்னன்னு உன் புருஷன் சொல்லுவான்?" என்று கேட்டார்.

எனக்குள் பத்து நாளாக இருந்தது வெளியே வந்துவிட்டது. "அவரே வெளியிலதான் இருக்காரு போஸ். கேட்டுக்குங்க. நிறைய வச்சிருக்காரு" என்றேன்.

முதலாளி சத்தமாகச் சிரித்தார். பிறகு, "உன் புருஷன் என்ன வேலை?" என்றார்.

"லாரி ஓட்டினாரு. இப்ப வீட்டுல."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "ஜி.டி.எல். லைசன்ஸ் ஆடா?" இருக்கிறதா என்று அர்த்தம்.

சரக்கு லாரி ஓட்ட வேண்டுமென்றால் அந்த லைசன்ஸ் வேண்டும். இருக்கிறது என்றேன். முதலாளியே எழுந்து போய்க் கதவைத் திறந்து என் கணவரைக் கூப்பிட்டார்.

என் கணவர் பதறிக்கொண்டு உள்ளே வந்தார். வந்ததும் அவர் மலாயில் கேட்ட முதல் கேள்வி: "அவ ஏதாச்சும் தப்பா சொல்லிட்டாளா போஸ்?"

முதலாளி அதைக் கண்டுகொள்ளவில்லை. லைசன்ஸைப் பார்த்தார். தைப்பிங், லூமுட் பக்கமெல்லாம் வழி தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றார் இவர். திங்கட்கிழமை வர முடியுமா என்று கேட்டார். என் கணவர் என்னைப் பார்த்தார். நான் கோப்பையைப் பார்த்தேன்.

"போலே" என்றார். முடியும் என்று அர்த்தம். இடுப்பைப் பற்றி முதலாளி கேட்கவில்லை. இடுப்பும் தானாக வாயைத் திறக்கவில்லை.

அந்தப் பெண் முறைக்காக, எங்களிடம் கேட்க உங்களுக்கு ஏதாவது கேள்வி இருக்கிறதா என்றாள். அது பத்தாவது கேள்வி. கம்பெனியின் பண்பாடு, வளர்ச்சிக்கான வாய்ப்பு இரண்டையும் பற்றி விசாரிக்க வேண்டும் என்று என் கணவர் எனக்கு ஒரு வாரம் சொல்லிக் கொடுத்திருந்தார்.

"லாரியில ஏர்கோன் ஆடா?" என்று கேட்டார்.

இருந்தது. முதலாளி கைகுலுக்கினார். என்னிடம் அந்தப் பெண், "நாங்கள் கூப்பிடுகிறோம், காக்கா" என்றாள்.

காடியில் ஏறினோம். கோட்டைக் கழற்ற அவர்தான் கையைப் பிடித்து இழுத்துவிட வேண்டியிருந்தது. முதல் சிவப்பு விளக்கில், "நான் வேணாம்னு சொல்லிரவா?" என்று கேட்டார்.

"இடுப்பு என்னா ஆவுறது?"

"அது... பாத்துக்கலாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகையாக மாறிவிட்டது. அவருக்கு வேலை கிடைத்தது எனக்கு வருத்தமில்லை. அந்த அறையில் என்னிடம் ஒருவராவது, பத்தொன்பது வருடம் என்ன செய்தாய், எத்தனை பெட்டி எண்ணினாய், எண்ணிக்கை தப்பினால் எப்படிக் கண்டுபிடிப்பாய் என்று கேட்டிருந்தால் ஒரு மணிநேரம் பேசியிருப்பேன். அதற்கு மனப்பாடம் தேவையில்லை. கேட்கவில்லை. நானாகச் சொல்லவும் எனக்குத் தோன்றவில்லை. பத்துக் கேள்விகளில் அது இல்லை.

அவர் புந்தோங்கில் ஒரு கடைக்கு முன்னால் காடியை நிறுத்தி, உள்ளே கூட்டிப்போய், என்ன வேண்டும் என்று கேட்காமலே எனக்குத் தோசையும், நுரை பொங்க ஆற்றிய தே தாரேயும் சொன்னார். நான் பாதி சாப்பிட்ட பிறகு, தட்டைப் பார்த்துக்கொண்டே, "நீ நல்லாத்தான் பேசியிருப்பே. பத்து நாளா நாந்தான் ரொம்ப பேசிட்டேன்" என்றார். இருபத்து நான்கு வருடத்தில் மன்னிப்புக்குப் பக்கத்தில் அவர் வந்தது அன்றைக்குத்தான். நானும் அதற்கு மேல் துருவவில்லை. இன்னொரு தோசை சொன்னேன்.

கோப்பிக் கம்பெனியில் இருந்து எனக்கு அழைப்பு வரவில்லை. என் கணவர் தினமும் காலையில் போய்ச் சாயங்காலம் கோப்பி வாசனையோடு திரும்பினார். ஸ்டோர் கிராணியாகப் பட்டதாரிப் பையன் ஒருவனை எடுத்திருப்பதாகத் தகவல் சொன்னார். இதற்கிடையில் எங்கள் குடியிருப்புத் தாமானில் அவருக்கு வேறொரு பெயரும் வந்துவிட்டது. பெண்டாட்டியைக் கொண்டுபோய் விட்ட இடத்தில் தேர்வில் ஜெயித்து வந்தவர். பிள்ளைகளுக்கு வேலை தேடும் பெற்றோர் அவரிடம் வந்து யோசனை கேட்டார்கள். "நம்பிக்க முக்கியம் லா. கண்ணப் பாத்துப் பேசணும்" என்று அவர் சொல்வது அடுப்படி வரைக்கும் கேட்கும். அவர்களுக்குத் தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தது நான்.

பக்கத்து வீட்டு அக்காவின் கணவருக்குச் சிறுநீரகம் கெட்டு, வாரத்துக்கு மூன்று நாள் புந்தோங்கில் ஓர் இரத்தச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய் வந்தார். அங்கே கவுண்டரில் இருந்த பெண் வேலையை விடப்போகிறாள் என்று அக்கா சொன்னார். "நீ போயி கேளு தங்கச்சி. கோட்டு வேணுமா?"

"வேணாங்க்கா" என்றேன்.

என் கணவரிடமும் சொல்லவில்லை. அவர் லூமுட்டுக்குச் சரக்கு ஏற்றிப் போயிருந்த நாளாகப் பார்த்து மோட்டார் சைக்கிளில் புறப்பட்டேன்.

தலைமை நர்ஸ் ஒரு தமிழ் அம்மா. என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். எல்லோரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். உட்கார வைத்துப் பேச அவருக்கு நேரமில்லை. அன்றைக்கு வந்த சரக்குப் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டே பேசினார்.

"கம்பியூட்டர் தெரியுமா?"

"மெதுவா தெரியும் சிஸ்டர்."

"காலையில ஆறரைக்கெல்லாம் தொறக்கணும். எதுல வருவீங்க?"

"மோட்டர்ல."

"நோயாளிங்க சில நேரம் கத்துவாங்க. பட்டினியா, வலியோட வாராங்க. கோவிச்சுக்கக் கூடாது."

"கல்யாணமாயி இருபத்துநாலு வருசமாச்சு சிஸ்டர்."

அவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "இரத்தத்தப் பாத்தா மயக்கம் வருமா?"

"தெரியலியே. வந்தா சொல்றேன்."

அடுத்து, தொழிற்சாலையில் என்ன செய்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அவர் பெட்டி பிரிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார். எந்தப் பெட்டியில் எண்ணிக்கை குறையும், எங்கே ஈரம் பட்டால் சரக்கு கெடும், வந்த சரக்கையும் போன சரக்கையும் எப்படிக் கணக்கு வைத்தோம் என்றெல்லாம் பேசினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. உள்ளேயிருந்து யாரோ அவரைக் கூப்பிட்டதும்தான் நிறுத்தினேன். "ஒரு மாசம் பாப்போம். நாளைக்கே வாங்க" என்று சொல்லிக்கொண்டே போனார்.

மூன்றாம் நாள் ஒரு பெரியவரின் கையிலிருந்து குழாய் நழுவி, தரையெல்லாம் இரத்தம். நர்ஸுகள் ஓடினார்கள். நானும் உதவப் போனேன். கண் திறந்தபோது கவுண்டருக்குப் பின்னால் தரையில் படுத்திருந்தேன். சிஸ்டர் என் கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். குழாய் நழுவிய பெரியவர் தம் நாற்காலியிலிருந்து, "அந்தப் புள்ளைக்கு இனிப்பா ஏதாச்சும் கொடுங்கம்மா. எனக்கு ஒன்னுமில்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். "வந்தா சொல்றேன்னீங்க, சொல்லாமலே விழுந்திட்டீங்க" என்றார் சிஸ்டர். இனிப்புத் தேத்தண்ணீர் ஒரு கிளாஸ் வந்தது. குடித்துவிட்டு மறுபடி கவுண்டரில் உட்கார்ந்தேன்.

இரண்டு மாதம் கழித்துக் கோப்பிக் கம்பெனியின் அந்த மலாய்ப் பெண் அழைத்தாள். பட்டதாரிப் பையன் புதிய சவால் தேடிப் போய்விட்டானாம். இன்னும் ஆர்வம் இருக்கிறதா, இன்னொரு நேர்முகத் தேர்வுக்கு வர முடியுமா என்று கேட்டாள். எனக்கு வேலை கிடைத்துவிட்டது, மன்னித்துக்கொள் தங்கச்சி என்று மலாயில் சொன்னேன். அவள் குரலில் ஏமாற்றம் இருந்ததா என்று உற்றுக் கேட்டேன். கொஞ்சம் இருந்தது போலத்தான் பட்டது. பட்டதாக வைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் அந்த அழைப்பைப் பற்றிக் கணவரிடம் சொன்னேன். ஒரே காடியில் போய் வந்திருக்கலாமே என்று மட்டும் சொன்னார். சாப்பிட்டு முடித்ததும் தட்டைக் கழுவி வைத்தார். மறுநாள் காலையில் அவர் வடக்கே போனார். நான் புந்தோங்குக்குப் போய்க் கதவைத் திறந்தேன். வாசலில் ஏற்கெனவே நான்கு பேர் காத்திருந்தார்கள். அன்றைக்குக் குழாய் நழுவிய பெரியவர், நான் இன்றைக்காவது சாப்பிட்டுவிட்டு வந்தேனா என்று விசாரித்துக்கொண்டே உள்ளே போனார்.